கண்முன் கறவை

செருப்பை வெளியிலேயே விட்டுவிடுங்கள் அம்மிணி. உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் ஆட்டம். இதில் உட்காருங்கள். நான் சுவரைப் பார்த்துப் பேசுகிறேனே என்று தப்பாக நினைக்க வேண்டாம். பெண்களை நேருக்கு நேர் பார்த்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. எழுபத்து நான்கு வயதுக்கு மேல் அதைப் பழகி என்ன ஆகப்போகிறது.

உங்களை அனுப்பிய ஏஜென்சிக்காரர் என்ன சொன்னார்? பக்கவாதம், படுத்த படுக்கை, மூத்திர டியூப் போட்டிருக்கிறது, பேச்சில்லை. அவ்வளவுதானே? மீதியை நான்தான் சொல்ல வேண்டும். உங்களுக்கு முன்னால் இரண்டு பேர் வந்தார்கள். ஒருத்தி ஒன்றரை நாள் இருந்தாள். இன்னொருத்தி அரை நாள். அவர்களிடம் முழுதாகச் சொல்லவில்லை. அதுதான் தப்பாகப் போய்விட்டது.

உள்ளே இருப்பது என் சம்சாரம், பாவாத்தாள். விழுந்து இரண்டு வருடம், ஒரு மாதம், பத்தொன்பது நாள் ஆகிறது. வலது கையும் காலும் அசையாது. வலது கண்ணும் போய்விட்டது. இடது கண்ணில் நிழலாட்டம் தெரியும் என்கிறார்கள். காது மட்டும் நன்றாகக் கேட்கும். மூத்திரம் தானாக இறங்கவில்லை என்று ஆஸ்பத்திரியில் டியூப் போட்டார்கள், அது அப்படியே நிலைத்துவிட்டது. மாதம் ஒரு முறை டவுனிலிருந்து கம்பவுண்டர் வந்து டியூப்பை மாற்றுவார். பையை வாரத்துக்கு ஒன்று மாற்றச் சொன்னார்கள். நான் பத்து நாள் வைப்பேன். ஓட்டையில்லாத பையை எதற்குத் தூக்கிப் போடுவது?

இதுதான் நோட்டு. காலை ஆறு, பகல் இரண்டு, மாலை ஆறு. மூன்று வேளையும் பையை அளந்து எழுதியிருக்கிறேன். ஒரு நாள் விட்டுப் போயிருந்தால் காட்டுங்கள். நான் படித்தது ஆறாவது. ஆனால் பால் சங்கத்தில் முப்பத்து மூன்று வருடம் பால் அளந்தவன். என் அளவைப் பற்றி இந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒருத்தன் ஒரு சொல் சொல்லியிருக்க மாட்டான்.

சங்கத்தில் ஒரு முறை உண்டு. அது தெரியாவிட்டால் மீதி உங்களுக்கு விளங்காது. திரிந்த பால், கெட்ட பால் வந்தால் திருப்பிக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் நேராக டீக்கடைக்குக் கொண்டுபோய் விடுவார்கள். அதனால் கேனிலேயே ஒரு மூடி ஊதாச் சாயத்தை ஊற்றிவிடுவோம். வரிசையில் நிற்கிற எல்லாரும் பார்க்க ஊற்ற வேண்டும். ஊதாப் பாலை எவன் வாங்குவான்? சாயம் விழுந்தால் அந்தப் பால் கழிந்தது என்று அர்த்தம். முப்பத்து மூன்று வருடத்தில் நான் சாயம் ஊற்றியது நூற்று எண்பத்தேழு கேன். அதில் ஒரு கேன் வேலப்பன் என்கிறவருடையது, பதினான்கு லிட்டர். கேனைச் சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்தது அவர் பெண், பன்னிரண்டு வயசு இருக்கும். "ஊத்தாதீங்க, ஊத்தாதீங்க, நாங்களே கொட்டிர்றோம்" என்று அழுதாள். நான் ஊற்றினேன். ஒருத்தருக்கு விட்டால் எல்லாருக்கும் விட வேண்டும்.

அந்தப் பெண்தான் பிற்பாடு என் மருமகள். திலகமணி.

சிரிக்காதீர்கள். ஜாதகம் பொருந்தியது. வேலப்பனே வந்து, "அளவு தப்பாத மனுசன் வீட்டுக்குப் போறதுல என்ற பொண்ணுக்குப் பயமில்லீங்க" என்று சொல்லித்தான் கொடுத்தார். ஏழு வருடம் ஆகிறது. குழந்தை இல்லை. என் மகன் மோகனசுந்தரத்துக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவான். ஆக, வீட்டில் நாங்கள் மூன்று பேர்.

வேலை செய்யமாட்டாள் என்று நான் சொல்லமாட்டேன். இந்த இரண்டு வருடமும் பாவாத்தாளுக்குக் குளிப்பாட்டி, புரட்டிப் போட்டு, ஊட்டி, எல்லாம் அவள்தான். முதுகில் ஒரு புண் வந்ததில்லை. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவளுக்கு அளவு கிடையாது. கிழவி வாயைத் திறந்தால் ஊற்றிவிடுவாள். ஒருநாள் தண்ணீர் கொடுத்துக் கொடுத்துப் பை நிரம்பி, தரையெல்லாம் வழிந்து, நான் அதில் கால் வைத்தேன். அன்றைக்கு அளவு ஆயிரத்துத் தொள்ளாயிரம் மில்லி. அதற்குப் பிறகு ஒரு நாளைக்குத் தொள்ளாயிரம் மில்லிதான் தண்ணீர் என்று வைத்தேன். காலையில் நானே அளந்து சொம்பில் வைத்துவிடுவேன். கீரையும் பப்பாளியும் வேண்டாம் என்றேன். படுத்துக் கிடக்கிற உடம்புக்கு அதெல்லாம் போனால் அள்ளிக்கொட்ட வேண்டும், இல்லையா?

இன்னொரு குறை அவளிடம். வெட்கம் கிடையாது. கதவோரம் வந்து நின்று, "மாமா, அத்தை அஞ்சு நாளா வெளிக்கிப் போகலீங்க. டாக்டரைக் கேளுங்க" என்பாள். மாமனாரிடம் பேசுகிற பேச்சா அது? நான் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே வைத்துக்கொள்வேன். ஏழாம் நாளும் வந்து சொன்னாள். ஒன்பதாம் நாளும் வந்து சொன்னாள். "உன்ற மாமியா கதையெல்லாம் எங்கிட்டச் சொல்லாதே" என்று அதட்டினேன். அதோடு நிறுத்திக்கொண்டாள்.

அதற்கு இரண்டு நாள் கழித்து, ஆவணி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில்தான் பை ஊதாவானது.

நம்புங்கள் அம்மிணி. மஞ்சள் கூடுதலாக இருந்தால் பரவாயில்லை, சிவப்பாக இருந்தால் ரத்தம். இது ஊதா. கத்தரிப்பூ நிறம். பையும் ஊதா, டியூப்பும் ஊதா. அவளேதான் கூப்பிட்டாள். "மாமா, இங்க வந்து பாருங்க, எனக்குப் பயமா இருக்குது" என்று. தப்புச் செய்தவன்தான் முதலில் வந்து காட்டுவான். தண்ணீர் கலந்த பாலைக் கொண்டுவந்துவிட்டு, "அண்ணா, இன்னைக்கு மாடு என்னமோ ஒரு மாதிரிக் கறந்துது" என்று அவனே ஆரம்பிப்பான். எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்.

பையிலிருந்து டம்ளரில் பிடித்தேன். வெளிச்சத்தில் பார்த்தேன். மோந்து பார்த்தேன். விரலில் தேய்த்துப் பார்த்தேன். ரிட்டயராகும்போது சங்கத்தில் கொடுத்த லாக்டோமீட்டர் வீட்டில் இருக்கிறது, அதையும் உள்ளே விட்டுப் பார்த்தேன். பாலுக்கு உள்ள கருவி, ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் எனக்குத் தெரிந்துவிட்டது. நூற்று எண்பத்தேழு தடவை என் கையால் ஊற்றிய நிறம் எனக்குத் தெரியாதா? கழித்த பாலுக்கு ஊற்றுகிற சாயம். பன்னிரண்டு வயசில் நின்று பார்த்தவள் அவள். என் பெண்டாட்டியைக் கழித்துவிட்டாள், அதை எனக்குத் தெரிகிற மாதிரியும் செய்துவிட்டாள். வேறு எவருக்கு இது தோன்றும், சொல்லுங்கள்?

டாக்டரா? சாயத்துக்கு எதற்கு டாக்டர்?

சந்தேகம் வந்தால் சங்கத்தில் கண்முன் கறவை வைப்போம். மெம்பர் வீட்டுக்கே போய், மாட்டை எங்கள் கண்ணுக்கு முன்னால் கறக்கச் சொல்வது. அந்தப் பால் நன்றாக இருந்து, அவன் கொண்டுவந்த பால் கெட்டிருந்தால், நடுவில் கலந்தது அவன்தான். இதில் எவனும் தப்ப முடியாது. மாடு பொய் சொல்லாது.

ஞாயிற்றுக்கிழமை வைத்தேன். பங்காளிகள், அவர்கள் வீட்டுப் பெண்கள், வேலப்பன் என்று பதினொரு பேர். கம்பவுண்டரை வரவழைத்துப் புது டியூப், புதுப் பை போட்டோம். பையின் வாயில் நூல் கட்டி நான் முடிச்சுப் போட்டேன். காலை ஆறு முதல் மாலை ஆறு வரை. திலகமணியை மாட்டுக் கொட்டகையில் உட்காரவைத்து, கையை மடியில் வைத்துக்கொள்ளச் சொல்லி, இரண்டு பெண்களைக் காவல் வைத்தேன். ஒதுங்கப் போனாலும் கூட ஒருத்தி போக வேண்டும். அவள் பெட்டியையும் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு பாட்டில் சொட்டு நீலம் இருந்தது. என் வேட்டிக்குப் போட வைத்திருந்தாளாம்.

பதினொரு பேரில் ஒருத்தி, என் சித்தப்பா மகன் சம்சாரம், எப்போதும் வாய்த் துடுக்கு. "ஏனுங் மாமா, மஞ்சத் தண்ணியில நீலத்தை விட்டாப் பச்சையால்ல ஆகோணும்? ஊதா எப்புடி ஆகும்?" என்றாள். நான்கைந்து பேர் சிரித்துவிட்டார்கள். சிரிக்கிற இடமா அது? "அளவுக்குத் தகுந்த மாதிரி ஆகும்" என்றேன்.

பகலில் வேலப்பன் தன் மகளுக்கு ஒரு சொம்பு மோர் கொண்டுபோனார். வேண்டாம் என்றேன். கறவை முடிகிற வரை உள்ளே எதுவும் போகக் கூடாது, வெளியே எதுவும் வரக் கூடாது. அவர் சொம்போடு அப்படியே நின்றார். பெரிய மனுஷர், நன்றாகத்தான் கேட்டுக்கொண்டார். பாவாத்தாள்தான் அன்றைக்குப் பூராவும் இடது கையால் கட்டில் சட்டத்தைத் தட்டிக்கொண்டே இருந்தாள். தட்டுவது அவளுக்குப் பழக்கம். திலகமணியைக் கூப்பிடுவதானால் தட்டுவாள்.

ஆறு மணிக்கு நூலை அவிழ்த்து, கண்ணாடிச் சாடியில் பிடித்து, எல்லாருக்கும் தூக்கிக் காட்டினேன். அறுநூற்று நாற்பது மில்லி. வைக்கோல் நிறம். சுத்தமான மஞ்சள். பதினொரு பேரும் பார்த்தார்கள்.

அப்போது அவள் கொட்டகையிலிருந்து எழுந்து வந்தாள். அழவில்லை. "மாமா, பழைய பையி பத்து நாள் தொங்குச்சு. நீங்க புதுப் பையை மாட்டிப் பன்னெண்டு மணி நேரந்தான் பாத்திருக்கறீங்க. இதே பையை ஒரு பத்து நாள் விட்டுப் பாருங்க. நான் கொட்டகையிலயே இருந்துக்கறேன்" என்றாள்.

கெட்டிக்காரி. ஆனால் கண்முன் கறவை ஒரு வேளைதான். எந்தச் சங்கத்திலும் பத்து நாள் வைப்பதில்லை. அதைத்தான் நானும் சொன்னேன். மறுநாள் காலையில் வேலப்பன் அவளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். என் மகன் ஒன்றும் பேசவில்லை. பேசமாட்டான், அப்படித்தான் வளர்த்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு எல்லாம் நானே செய்தேன். ஊட்டினேன், அளந்தேன். குளிப்பாட்டுவது மட்டும் எனக்குக் கூச்சம், ஈரத் துணியால் முகத்தையும் கையையும் துடைப்பேன். அவள் போன பன்னிரண்டாம் நாள் காலையில் போய்ப் பார்க்கிறேன், பை ஊதா.

வீட்டில் நான் ஒருத்தன்தான். கதவைச் சாத்திவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு பையைக் கழற்றி, இரண்டு பாலித்தீன் சுற்றி, துணிப்பையில் போட்டு, பஸ் ஏறி டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனேன். சின்ன வயசு டாக்டரம்மா. பார்த்ததும், "பயப்படாதீங்க தாத்தா. ரொம்ப நாள் டியூப் இருக்கறவங்கள்ல சில பேருக்கு இப்படி ஆகும். மலம் சரியா போகாம குடல்ல தங்குனா, அதுல உண்டாகுற ஒண்ணு மூத்திரத்துல வரும். பையில இருக்கற கிருமி அதை இந்த நிறமா மாத்திடும். எத்தனை நாளா போகலை?" என்றது.

வாயால் சொல்ல எனக்கு வரவில்லை. பேப்பர் வாங்கி எழுதிக் காட்டினேன். எட்டு.

"போன தடவை?"

பதினொன்று என்று எழுதினேன். சுவரில் இருக்கிற காலண்டரில் திலகமணி புள்ளி வைத்திருந்தாள், எண்ணிப் பார்த்தால் தெரியும்.

"தண்ணி எவ்ளோ?"

"தொள்ளாயிரம்."

"யார் சொன்ன கணக்கு இது?"

"நான்தான்."

டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தது. நான் மேஜையைப் பார்த்தேன். ஒன்றே ஒன்று கேட்டேன்: யாராவது ஏதாவது ஊற்றினாலும் இப்படி நிறம் வருமா? "யார் வேணா என்ன வேணா ஊத்தலாம் தாத்தா. ஆனா இது அது இல்லை" என்றது.

கவனித்தீர்களா? ஊற்றலாம் என்று டாக்டரே சொல்லிவிட்டது. பஸ்ஸில் வரும்போது அதை நன்றாக யோசித்துப் பார்த்தேன். இரண்டாவது பை நோய். அதை நான் மறுக்கவில்லை. முதல் பை அவள். முதல் பைக்குக் கண்முன் கறவை வைத்தாகிவிட்டது, முடிவும் எழுதியாகிவிட்டது. நோட்டில் பாருங்கள், அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு நேரே. அடித்தல் திருத்தல் என் நோட்டில் கிடையாது.

மருந்து கொடுத்தேன். வயிறும் போனது. தண்ணீரை ஆயிரத்து இருநூறாக ஏற்றினேன். டாக்டரம்மா இரண்டாயிரம் என்றது. எடுத்த எடுப்பில் அவ்வளவு ஏற்றக் கூடாது. பை மஞ்சளாகிவிட்டது. இப்போதும் மஞ்சள்தான், நீங்களே பார்க்கலாம்.

எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது. அந்தக் கம்பவுண்டருக்குத்தான் வாய் நிற்காது. எங்கேயோ சொல்லியிருக்கிறார். போன புதன்கிழமை திலகமணி வந்துவிட்டாள். தனியாக. வாசல் கேட்டைத் தாண்டி உள்ளே வரவில்லை, அந்த மரியாதை அவளுக்கு உண்டு.

"மாமா, பையி மறுக்காவும் ஊதாவாச்சாமா. நான் இங்க இல்லாதப்பவே ஆயிருக்குதுங்க. அதை மட்டும் அந்தப் பதினோரு பேருத்துகிட்டச் சொல்லிப்போடுங்க. நான் திரும்பி வர்றேன்னு கேக்கலீங்க. எங்கப்பன் வெளிய தலைகாட்டறதில்லை. கெணத்துமேட்டுல என்னையப் பாத்தாப் பொம்பளைங்க கொடத்தை மூடிக்கறாங்க. சொல்லுவீங்களா மாமா?"

சத்தமாகக்கூடப் பேசவில்லை. ஆனால் உள்ளே கட்டிலில் இருந்தவளுக்கு அந்தக் குரல் கேட்டுவிட்டது. தட்ட ஆரம்பித்துவிட்டாள். தட்டுகிறாள், வாயில் என்னவோ சத்தம் வேறு. இரண்டு வருடத்தில் அப்படி ஒரு சத்தம் அவளிடமிருந்து வந்ததில்லை. திலகமணி கேட்டில் கையை வைத்தாள். "அத்தை" என்றாள்.

நான் கதவைச் சாத்தினேன். ஜன்னலையும் சாத்தினேன். அரை மணி நேரம் நின்றிருப்பாள். அப்புறம் போய்விட்டாள்.

அன்றிலிருந்து பாவாத்தாள் வாயைத் திறப்பதில்லை.

நோட்டைத் திருப்புங்கள். கஞ்சி: புதன் பகல் வரை முந்நூறு. வியாழன் நூற்றெண்பது, அதுவும் கரண்டியைப் பல்லுக்கு நடுவே வைத்துத்தான். வெள்ளி நூற்றுப்பத்து. சனி எழுபது. இந்தப் பக்கம் மூத்திரம்: எழுநூறு, ஐந்நூற்று இருபது, முந்நூற்று எண்பது, இருநூற்றுப் பத்து. இன்று காலை அறுபது. வற்றிக்கொண்டு வருகிறது. கம்பவுண்டர் இன்னும் இரண்டு மூன்று நாள் என்கிறார். ஆஸ்பத்திரியில் சேர்த்து மூக்கில் டியூப் போடலாமாம். சேர்த்தால் பார்க்க வருவார்கள், பங்காளிகள் எல்லாரும் வருவார்கள், கம்பவுண்டரும் அங்கேயேதான் சுற்றிக்கொண்டிருப்பார்.

அதனால்தான் உங்களைக் கூப்பிட்டேன். முதலில் வந்தவள் நல்ல வேலைக்காரி, ஆனால் கட்டைக் குரல். இரண்டாவது வந்தவளிடம் திலகமணி விட்டுப்போன சேலையைக் கொடுத்தேன். கட்டிக்கொண்டு உள்ளே போய், "அத்தை, நான் வந்துட்டனுங்க" என்றாள். கிழவி வாயைத் திறந்தாள் அம்மிணி. இரண்டு கரண்டி உள்ளே போனது. என் கண்ணால் பார்த்தேன், பதினைந்து பதினைந்து முப்பது மில்லி. மூன்றாவது கரண்டி கொடுக்கும்போது அந்தப் பைத்தியக்காரி அழ ஆரம்பித்துவிட்டாள். குரல் மாறிப்போனது. பாவாத்தாள் அவள் முகத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, வாயில் இருந்ததைத் துப்பிவிட்டாள். கணக்கில் பதினைந்தைக் கழித்துக்கொண்டேன்.

போனில் உங்கள் குரலைக் கேட்டுத்தான் வரச் சொன்னேன். திலகமணிக்கும் இப்படித்தான், லேசாக மூக்கால் வரும். அந்தச் சேலையைத் துவைக்காமல் வைத்திருக்கிறேன், வாசம் அப்படியே இருக்கிறது. முகத்தைத் தடவ வந்தால் கொஞ்சம் பின்னால் நகர்ந்துகொள்ளுங்கள். அவ்வளவுதான் வேலை.

என்ன? அவளையே கூப்பிட்டால் என்னவா?

மூன்று பேரும் இதையே கேட்டுவிட்டீர்கள். கூப்பிட்டால் வருவாள். இன்றைக்கே வருவாள், பஸ்ஸுக்குக்கூட நிற்கமாட்டாள், நடந்தே வந்துவிடுவாள். கிழவியும் குடிப்பாள். எனக்குத் தெரியாது என்றா நினைக்கிறீர்கள்? ஆனால் அவள் வந்தால் எதற்கு வந்தாள் என்று பதினொரு பேரும் கேட்பார்கள். நான் என்ன சொல்லட்டும்? முப்பத்து மூன்று வருடம் அளந்தவன் நான்.

கஞ்சி ஆறுகிறது. சேலை அந்த அறையில் ஆணியில் தொங்குகிறது, மாற்றிக்கொண்டு வாருங்கள். நான் திரும்பி நின்றுகொள்கிறேன். இடது பக்கமாகப் போய் நில்லுங்கள், சேலையின் நிழலாவது அவளுக்குத் தெரியட்டும். உங்கள் பெயரை மட்டும் அவள் காதில் விழுகிற மாதிரிச் சொல்லிவிடாதீர்கள். நானும் உங்களிடம் பெயரைக் கேட்கவில்லை. எனக்கும் தெரியாமலேயே இருக்கட்டும்.